பிலோமி முடித்துவைத்த கதை

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஞானபாக்கியத்தின் வீட்டு மாடிப்படி ஏறுவது செங்கொடிக்கு இரண்டு வருடப் பழக்கம். வாடகை நூலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். கடைக்கு வர முடியாதவர்களுக்குத் தோள்பையில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பாள், படித்து முடித்ததை வாங்கி வருவாள். அன்றைக்கும் அதே படிதான், அதே கருவாட்டு வாசனைதான். மாடியறையில் காத்திருக்கத்தான் ஆள் இல்லை. ஞானபாக்கியத்தின் மகள் பிலோமி இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பதினைந்து வயசுப் பெண், பாவம். இதயத்தில் ஓட்டை. மூன்று படி ஏறினால் நிற்க வேண்டும். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி மூச்சு வரும். அது அடங்கினால் இன்னும் மூன்று படி. கடைசி ஒரு வருடமாக அதுவும் முடியாமல் கட்டிலோடு கிடந்தாள். புத்தகம்தான் அவளுக்கு எல்லாம்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், சின்னப் பெண்கள் எல்லாம் கேட்டு வந்தது ஊதா அட்டை போட்ட ஒரு தடித்த நாவல். ஐந்து இளம் சூனியக்காரிகளின் கதை. பிலோமிக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். காத்திருந்த இரண்டு மாதமும் அதில் என்ன கதை, என்ன கதை என்று அவள் செங்கொடியை நச்சரித்தாள். செங்கொடி அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா?

"அதுங்க செத்தவங்க கீற எடத்துக்கே போய்ட்டு வருதுங்க பிலோமி. அங்க இன்னா கீதுன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்காங்க" என்று அளந்துவிட்டாள்.

நிஜமா என்று பிலோமி ஒரே ஒரு தடவை கேட்டாள். சத்தியமா என்றாள் இவள். நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிற பிள்ளை அதை ஏன் கேட்கிறது என்று அப்போது உறைக்கவில்லை. ஒன்பது நாளாக அதை நினைத்து நினைத்துத்தான் செங்கொடி சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

ஞானபாக்கியம் தலையணைக்கு அடியிலிருந்து நாவலை எடுத்துக் கொடுத்தாள். அறையில் இன்னும் தைல வாசனை இருந்தது. கட்டில் விரிப்பை யாரும் மாற்றியிருக்கவில்லை. அந்தப் பக்கம் பார்க்கவே செங்கொடிக்குப் பயமாக இருந்தது.

சாவு வீட்டில் வரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல்தான் இறங்க வேண்டும். இது தெரியாதவளா செங்கொடி? ஆனால் ஒவ்வொரு வாரமும் கிளம்பும்போது, "வரேன் பிலோமி" என்பாள் இவள். "நானும் வரேன்க்கா" என்று படியைப் பார்த்துச் சிரிப்பாள் அவள். "வாயேன்" என்று இவள் கேலியாகச் சொல்லிவிட்டு இறங்குவாள். இரண்டு வருடமாக நூறு தடவை சொன்ன பேச்சு.

செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்கத்தில், சொல்லிவிட்டாள். "வரேன் பிலோமி."

அறையில் சத்தமே இல்லை.

யாரும் பேசாத அந்த இடைவெளிக்கும் அவள் வாய் பதில் சொன்னது. "வாயேன்."

ஞானபாக்கியம் முதலில் கட்டிலைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள். "இன்னா வார்த்த சொல்லிட்ட நீ" என்றாள், காதுக்கு எட்டியும் எட்டாத குரலில். "போ. திரும்பிப் பாக்காம போ."

தெரு முனையில், துறைமுகத்துக்குக் காத்துக் கிடந்த டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் நின்று செங்கொடி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். படித்தவர்கள் அங்கே பென்சிலால் அபிப்பிராயம் எழுதிவைப்பது அந்தக் கடை வழக்கம். சூப்பர், செம ஜாலி என்று எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ஒன்பதாவதாகப் பிலோமியின் கோணல் எழுத்து.

'ஏமாத்திட்டாங்க. ஒரு எடத்துலகூட பயம் வர்ல. அஞ்சு பேரும் தல வாரிக்கினு லவ் பண்ணுதுங்க. செத்தவங்க எடத்துக் கதவ தொறக்குறாங்க, அடுத்த பக்கத்துல எல்லாம் கனவுன்னு முடிச்சிட்டாங்க. அதுல எல்லாம் கீதுன்னு அக்கா சொன்னாங்க. ஒண்ணுமே இல்ல. எனக்கு பயமா கீது.'

செங்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த எழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

'நானே பாத்துட்டு வந்து சொல்றேன்.'

புத்தகத்தைக் கடையில் போட்டுவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு ஓடி வந்துவிட்டாள். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. கணவன் வரதன் லாரியோடு பெங்களூரு போயிருந்தான். வீட்டில் அவளும் ஏழு வயது மகள் மகிழினியும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் கீழே மாடிப்படியில் சத்தம் கேட்டது.

மூன்று படி.

நிறுத்தம்.

மூன்று படி.

செங்கொடி எட்டிப் பார்த்தாள். பகல் வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. படிக்கட்டில் ஒருவரும் இல்லை. தைல வாசனை மட்டும் மேலே ஏறி வந்தது.

சனிக்கிழமை அந்தச் சத்தம் இரண்டாவது மாடிவரை வந்தது. மகிழினி படியில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, யாரிடமோ உம் கொட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டதற்குப் புக்கு அக்கா என்றாள். பிலோமி வீட்டுக்கு ஒரு நாள்கூட மகளைக் கூட்டிப் போனதில்லை செங்கொடி. பிள்ளையை முதுகில் ஒன்று வைத்து, உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். அன்று இரண்டு வேளையும் அடுப்பு மூட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த விசில் மூச்சு கதவுக்கு வெளியிலேயே கேட்டது.

செங்கொடி தரையில் மண்டியிட்டாள். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள். "நான் அந்த புக்க படிக்கவே இல்ல பிலோமி. உங்கிட்ட பொய் சொன்னேன். என்ன இன்னா வேணா பண்ணு. எம் பொண்ண விட்ரு."

மூச்சு அடங்கியது.

"தெரியும்க்கா" என்றது குரல், கதவின் கீழ் இடுக்கிலிருந்து. "அதுல இல்லாதத சொல்லத்தான் வந்தேன்."

அப்புறம் ஒன்றும் இல்லை. படிகள் இறங்கும் சத்தம் இல்லை, வாசனையும் இல்லை. மன்னித்துவிட்டாள், போய்விட்டாள் என்றுதான் செங்கொடி நினைத்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அக்கா கதைய நேத்தே முடிச்சிட்டாங்கம்மா" என்றாள்.

என்ன கதை என்று செங்கொடி கேட்பதற்கு முன்பே பிள்ளை தானாகவே சொன்னாள். அங்கே பேய் பிசாசு எதுவும் கிடையாதாம். வாசலிலேயே பேரை வாங்கிக்கொள்வார்களாம். பேர் போனவர்கள் எல்லாம் இருட்டில் நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம், உட்காரவும் கூடாதாம். உயிரோடு இருக்கிற யாராவது தன் பேரைக் கொடுத்தால் இங்கே திரும்பி வந்துவிடலாமாம்.

"நீ இன்னா சொன்ன?"

"குடுத்துட்டேன்" என்றாள் பிள்ளை. "பாவம்மா. அவங்களுக்கு ரொம்ப பயமா கீதாம்."

செங்கொடி பாய்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். உன் பேர் என்ன, சொல்லு என்றாள். பிள்ளை வாயைத் திறந்தாள். கேள்விக்குப் பதில் தெரியாமல் டீச்சர் முன்னால் நிற்பதுபோல் விழித்தாள். யோசித்து யோசித்துப் பார்த்தாள். உதடு பிதுங்கி அழுகை வந்ததே தவிர, பேர் வரவில்லை.

"மகிழினி."

பிள்ளை அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று.

"மகிழினி!"

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு வெளியே, மேல்மூச்சு வாங்கிக்கொண்டே, பதில் வந்தது.

"இன்னாம்மா?"