மாத்தாள் வரும்வரை

தலையணை சூடாக இருந்தது.

காலை ஏழரைக்குப் பூட்டிவிட்டுப் போன அறை. சாவி பகல் முழுக்க ராக்கையாவின் அரைஞாண் கயிற்றில்தான் கிடந்தது. இரவு ஒன்பதரைக்கு வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பஞ்சுத் தூசி அப்பிய சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, விரித்தபடி கிடந்த கோரைப்பாயில் சாய்ந்து கன்னத்தைத் தலையணையில் வைத்தவன், சட்டென்று தலையைத் தூக்கினான். பாயைத் தடவினான். சில்லென்று இருந்தது. சிமெண்டுத் தரையும் அப்படியே. தலையணையின் நடுவில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மட்டும் சூடு. இப்போதுதான் யாரோ எழுந்து கொல்லைக்குப் போன மாதிரி.

கூரை அட்டையின் வெக்கை இறங்கியிருக்கும் என்று தலையணையைத் திருப்பிப் போட்டான். வெக்கைக்கு என்ன கண்ணா இருக்கிறது, தலையணையை மட்டும் பார்த்து இறங்க? அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் மனுசன் எதையாவது சொல்லிக்கொண்டால்தானே கண்ணை மூட முடியும்.

மூடினான். தூக்கம் வரவில்லை.

மண்ணரையில் சைதுன்னிசா அம்மாவுக்குச் சொந்தமான லைன் வீடு அது. வரிசையாகப் பத்து அறை. எண்பத்தெட்டாம் வருஷம். பனியன் கம்பெனிகள் தெருவுக்கு நாலாகக் கிளம்பிவிட்டன. தெற்கத்திச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. வேலை கிடைத்தது, படுக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. அதனால் ஒரே அறையை இரண்டு ஷிப்டுக்காரர்களுக்கு விடுவார்கள். ஒருவன் வேலைக்குக் கிளம்பினால் இன்னொருவன் வந்து படுப்பான். ஒரே பாய், ஒரே தலையணை. கமுதிப் பக்கத்து ராக்கையா முன்பு இரவு ஷிப்ட், பகலில் தூங்குவான். கணியூர்க்காரன் பொன்னுச்சாமி பகல் ஷிப்ட், இரவில் தூங்குவான். கம்பெனியில் இருவருக்கும் ஒரே நிட்டிங் மெஷின். இரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தார்கள், ஒரு நாளும் சேர்ந்து படுத்ததில்லை.

மெஷினில் ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற மெஷினை விட்டு ஆள் நகரக் கூடாது. நூல் அறுந்தால் அந்த நிமிஷமே முடிச்சுப் போட வேண்டும், விட்டால் துணி நெடுக ஓட்டை விழும். அடுத்த ஷிப்டுக்கு மாற்றிவிட வருகிற ஆள்தான் மாத்தாள். அவன் வந்து, பின்னால் நின்று, இடது தோளில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் நிற்கிறவன் போகலாம். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்செல்லாம் எடுபடாது, தட்டுத்தான். மாத்தாள் ஒரு மணி நேரம் லேட்டா, ஒரு மணி நேரம் நிற்க வேண்டியது. வரவே இல்லையா, விடிய விடிய நிற்க வேண்டியது.

பொன்னுச்சாமி நின்றான்.

கிணறு வற்றிப்போய் ஊரைவிட்டு வந்த சாது மனுசன் அவன். பத்து வயது இளையவனையும் 'ங்க' போடாமல் கூப்பிட மாட்டான். ஐப்பசியில் ஒருநாள் ராக்கையா அவனிடம், "அண்ணே, பூண்டியில கரகாட்டமாம், இன்னிக்கு ஒரு ராத்திரி எனக்காக நின்னுக்கிருங்கண்ணே" என்று தலையைச் சொறிந்தான். "அதுக்கென்னங்க, போயிட்டு வாங்க. நாளைக்குப் பொழுதோட மட்டும் வந்து தட்டி உட்ருங்க, சாமி" என்றான் அவன்.

விடியும் வரை கரகாட்டம் பார்த்துவிட்டு வந்து ராக்கையா படுத்தான். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. இரண்டு வருஷமாக அட்டைக் கூரையின் கீழ் பகலில் வெந்து வெந்து தூங்கியவனுக்கு அன்றைக்குத்தான் குளிர்ந்த தூக்கம் வாய்த்தது. அடடா, என்ன தூக்கம்! இரவு எட்டுக்கு சைதுன்னிசா அம்மா கதவைத் தட்டினார். "கண்ணு, ராக்கையா, எந்திரி. பொன்னுச்சாமி காத்துட்டு நிப்பான்." "அஞ்சு நிமிசம்மா." ஒன்பதுக்கு மறுபடி தட்டினார். "அஞ்சு நிமிசம்மா." பத்துக்கும் அதே பதில். அப்புறம் அவன் கண் விழித்தது விடிகாலை ஐந்தரைக்கு, மில் சங்கு ஊதும்போது.

பொன்னுச்சாமி இரண்டு பகலும் இரண்டு இரவும் நின்றபடியே நின்றான். விடிகாலை நாலு மணி வாக்கில் நின்றவாக்கிலேயே தூங்கிச் சாய்ந்தான். கழுத்தில் கிடந்த துண்டை மோட்டார் பெல்ட் பிடித்து இழுத்துக்கொண்டது.

விசாரிக்க வந்தவர்களிடம், "என்னைய யாருமே எழுப்பலய்யா" என்று ராக்கையா சொன்னான். சைதுன்னிசா அம்மா அப்போது வாசலில்தான் நின்றிருந்தார். அவன் முகத்தைப் பார்த்தார், திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அவனைக் கண்ணு என்று கூப்பிடவே இல்லை.

போர்மேன் சேக் தாவூது அவனைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார். சொன்னால் வெட்கம், ராக்கையா உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். பாவி மனசு. மனைவி மயிலாள் ஐந்து மாதம் முழுகாமல் ஊரில் இருந்தாள். 'ராத்திரி வீட்டில் படுக்கிற மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணை அனுப்புவேன்' என்று மாமனார் ஒரே பிடியாக நின்றார். இப்போது அனுப்பலாம். அறை முழுசும் அவன் பேருக்கு வந்துவிட்டது. கார்த்திகை கடைசியில் வருகிறாள். அதுவரை அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஊர் உலகம் மாதிரி ராத்திரி பத்து மணிக்குப் படுத்துத் தூங்க வேண்டும். தூங்கினால்தான் பகலில் மெஷின் முன்னால் நிற்க முடியும். நிற்காவிட்டால் பெல்ட் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். சொன்னவன் மண்ணரைக்கு வந்து அந்தப் பாயில் படுத்துப் பார்க்க வேண்டும்.

பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்தான். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினான். நெற்றி நிறைய திருநீறு பூசி, தலையணைக்கு அடியில் இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு படுத்தான். வெளியே நொய்யல் பக்கமிருந்து சாயத்தண்ணி வாடை வரும். நாலு தெருவிலும் மெஷின்கள் ஓடும் இரைச்சல் சுவர் வழியாக முதுகுக்குள் இறங்கும். பக்கத்து அறைக்காரன் இருமித் தீர்ப்பான். அதெல்லாம் ஒவ்வொன்றாக மங்கி, உடம்பு லேசாகி, இதோ தூங்கிவிட்டோம் என்று தெரிகிற அந்த ஓரத்தில், இடது தோளில் இரண்டு தட்டு விழும்.

டொப். டொப்.

கண்ணைத் திறந்தால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். மெஷின் ஆயில் வாடை மட்டும் இருக்கும். முதல் வாரம் அதோடு போயிற்று. இரண்டாம் வாரம் கண்ணைத் திறந்தபோது அவன் படுத்திருக்கவில்லை. அறை மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் முகத்துக்கு நேரே தூக்கியபடி, விரல்கள் வேலை செய்துகொண்டிருந்தன. இல்லாத நூலைப் பிடித்து, இல்லாத முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி பிடித்து. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. காலை எடுக்கப் பார்த்தான், தரை விடவில்லை.

முதுகுக்குப் பின்னால், பாயில், யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீளமான, நிம்மதியான மூச்சு. ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் மூச்சு நின்றது. கால் விட்டது. திரும்பிப் பார்த்தான். தலையணையில் பள்ளம்.

அறையை விட்டு ஓடினான், அதையும் செய்து பார்த்தான். ஓர் இரவு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தான். அங்கேயும் தட்டு விழுந்தது. விடியும் வரை டிக்கெட் கவுண்டர் சுவரைப் பார்த்து நின்றவனைப் பைத்தியம் என்று ஜனம் விலகிப் போனது. இடத்தில் இல்லை கோளாறு. முறை அவனுடையது.

மெஷினில் தூங்கி வழிந்தான். ஊசி ஏறி விரல் கிழிந்தது. சேக் தாவூது ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போய், "ஏப்பா, உன்னையும் துண்டோட அள்ளிப் போட எனக்குத் தெம்பில்லீப்பா. இன்னொரு நாள் கண்ணசந்தீன்னா ஊருக்குப் போயிரு" என்றார். சைதுன்னிசா அம்மாவிடம் போய் நின்றான். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குதும்மா."

"நான் மூணு தடவை எழுப்புனேன்" என்றார். அவ்வளவுதான். பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு மூலையில் நிற்கும்போது மூச்சு நடுவில் நின்றது. பாய் நெறிந்தது. காதுக்குப் பக்கத்தில், தூக்கக் கலக்கத்தோடு, மரியாதையாக ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க. மாத்தாள் வந்தாச்சுங்களா?"

"இல்லண்ணே" என்றான் ராக்கையா. அழுதுவிட்டான்.

"பரவால்லீங்க. நின்னுட்டிருங்க."

கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை மயிலாள் வந்தாள். கையில் தகரப் பெட்டி, வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன மச்சான், இப்பிடி வத்திப் போயிட்டீக? கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே!" வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தான். வேறென்ன சொல்ல? அவள் அறையைக் கூட்டினாள். ரசம் வைத்தாள். பழைய தலையணையை வெயிலில் காயப்போட்டு, உறை மாற்றிக் கொண்டுவந்தாள். ஊர்க் கதையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பில் அறை அறை மாதிரி ஆனது. இனி சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினான்.

மணி பத்தானது.

அவன் படுக்கவில்லை. பாயின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நீ தூங்கு, நான் அப்புறம் படுக்கிறேன் என்றான். அவள் எழுந்து பின்னால் வந்து நின்றாள். கல்யாணமான புதிதில் மெஷின் கதையெல்லாம் அவளிடம் அளந்திருந்தான். தோளில் தட்டினால் ஷிப்ட் முடிந்தது என்பதையும்.

"எத்தன நாளாத் தூங்கல நீங்க? நான் முழிச்சிருக்கேன். உங்க ஷிப்டு முடிஞ்சிருச்சு." சிரித்தாள். "மாத்தாள் வந்தாச்சு, மச்சான்."

இடது தோளில் தட்டினாள். ஒன்று.

கையைப் பிடித்திருக்கலாம். ஐயோ வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் உடம்பெல்லாம் தளர்ந்து, ஒரு குளிர்ச்சி, ஐப்பசி மழையின் அதே குளிர்ச்சி, உச்சந்தலையிலிருந்து இறங்கியது.

இரண்டு.

தூங்கினான்.

விழித்தபோது அரையிருட்டு. அட்டைக் கூரையில் மழை. கன்னத்தின் கீழ் தலையணை. சூடு. புது உறை, அதே சூடு. ஆயில் வாடை. முதுகுக்குப் பின்னால் நீளமான மூச்சு. மயிலாள்தான் என்று நினைத்தான். நினைக்க விரும்பினான்.

மூலையைப் பார்த்தான்.

மயிலாள் நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து. வயிறு சுவரில் இடிக்க. இரண்டு கையும் தூக்கியபடி. விரல்கள் வேலை செய்தன. பிடித்தன. முடிச்சுப் போட்டன. மறுபடி பிடித்தன. விரல் நுனியெல்லாம் கிழிந்து கறுத்திருந்தது.

"மச்சான்." திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. "கால் கடுக்குது மச்சான். வயிறு வலிக்குது. எப்ப வருவீக?"

இரண்டு தட்டு. அவ்வளவுதான். எழுந்து போய் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அவனுக்குத் தெரியும். தட்டினால் அப்புறம் யார் நிற்க வேண்டும் என்பதும் தெரியும். கையைத் தூக்கினான். பாதி தூரம் போயிற்று. மழை பெய்தது. குளிர்ந்தது. அடடா.

பின்னால் பாய் நெறிந்தது. யாரோ ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"படுங்க சாமி. நல்ல மழைங்க."

கை இறங்கியது.

"மச்சான்?"

தலையணையில் இரண்டு பள்ளம். இரண்டும் சூடு. மூலையில் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அஞ்சு நிமிசம், மயிலா" என்றான் ராக்கையா.