பனி மேல் நீலக் கறை

வாலுவுக்கு உதவி செய்வதென்றால் கொள்ளை ஆசை. யாரும் கேட்கவே வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பயம்.

அன்று மதியம் அக்கா தன் ஓவியத்தை ஜன்னலோரம் நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருந்தாள். எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஏரி. கரை முழுக்கப் பனி. ஓரத்தில் ஒரு மரப்படகு. ஒரு பயணத்தின்போது ஒரே ஒரு நாள் காலையில் அக்கா பார்த்த ஏரி அது. கையில் போட்டோகூட இல்லை. மனதில் இருந்ததை வைத்தே வரைந்தாள். மறுநாள் காலை அது கல்லூரிக் கண்காட்சிக்குப் போக வேண்டும்.

வாலு கிட்டே போய்ப் பார்த்தாள். "அய்யய்யோ! பனி வெள்ளையாத்தானே இருக்கும்? இங்க நீலக் கறை பட்டிருக்கே! பாவம், தூக்கக் கலக்கத்துல கவனிக்கல போல."

வெள்ளை வண்ணத்தைத் தூரிகையில் எடுத்து ஒரு தீற்று தீற்றினாள். கீழே இருந்த நீலம் இன்னும் காயவில்லை. வெள்ளையோடு கலந்துகொண்டது. அதைச் சரிசெய்ய இன்னொரு தீற்று. படகின் பழுப்பும் சேர்ந்து இழுபட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பனி, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

வாலு பதறிப் பின்வாங்கியதில் தூரிகை டப்பா கீழே விழுந்தது.

"அங்க என்னடி சத்தம்?" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா!"

பூனை மேல் பழியைப் போடலாமா? அது பாட்டுக்கு வெயிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே வாலுவுக்கு வெட்கமாக இருந்தது. இப்போதே சொன்னால் அக்காவுக்குச் சாயங்காலம் வரைக்குமாவது நேரம் கிடைக்குமே!

அக்காவை எழுப்பினாள். "அக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். சீக்கிரம் வா."

அக்கா பார்த்தாள். திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அது கறை இல்லடி. பனியோட நிழல்."

"பனிக்கு நிழல் நீலமாவா இருக்கும்?"

"இருக்கும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

ஏன் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று வாலுவின் மனம் அடித்துக்கொண்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டையான ஓவியக் கத்தியால் அந்த வண்ணத்தைச் சுரண்டி எடுத்தாள். பிறகு தூரிகையைப் பிடித்தபடி சும்மா நின்றாள். "நிழல் எப்படி விழுந்திருந்துச்சுன்னு நினைவுக்கே வர மாட்டேங்குது."

வாலு அழுகையோடு உள்ளே போனாள். அந்த அறை ஜன்னலடியில் துவைத்த துணிகள் குவிந்து கிடந்தன. மேலே வெள்ளைப் படுக்கை விரிப்பு. சாயங்கால வெயில் பட்ட இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. மடிப்புகளில் மட்டும்... வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

விரிப்பை வாரிக்கொண்டு ஓடினாள். நாற்காலி மேல் மேடும் பள்ளமுமாகப் போட்டு, ஜன்னல் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, இங்க பாரு! இதுலயும் நீலம் இருக்கு!"

அக்கா பார்த்தாள். "அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. ஆங், அப்படியே!"

கை வலித்தது. வாலு அசையவில்லை. பூனை மட்டும் எழுந்து வந்து 'பனிமலை' மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிச்சம் போகுமுன் வரைந்து முடித்தாள்.

"பழைய மாதிரியே வந்துடுச்சாக்கா?" என்று பயந்து பயந்து கேட்டாள் வாலு.

அக்கா பொய் சொல்லவில்லை. "இல்லடி. இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்த ஏரி பழசுலதான் இருந்துச்சு."

அக்காவிடம் கேட்டுவிட்டுத் தூரிகைகளைத் துடைத்து வைத்தாள் வாலு.

மறுநாள் கண்காட்சியில் ஒரு குட்டிப் பையன் அந்த ஓவியத்தின் முன் நின்றான். "ஐயே, பனி மேல நீலக் கறை!" என்று விரலை நீட்டினான்.

வாலு பாய்ந்து அவன் விரலைப் பிடித்தாள்.

"தொடாதே! இன்னும் காயல. அது கறை இல்ல, நிழல். சந்தேகமா இருந்தா அதோ, எங்க அக்காகிட்டயே கேளு."