பத்து நிமிடத்தில் போன் வரும்

போன் அடிக்கவில்லை.

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் தென்னரசு, மேஜை மேல் கிடந்த செல்போனை ஐந்தாவது முறையாகப் பார்த்தார்.

அடிக்கவில்லை என்றால் நல்ல செய்தி!

எதிர்ச் சுவரில் வழவழப்பான தாளில் ஒரு சுற்றறிக்கை. விழுப்புரம் நிறைமதி லேப் போன வாரம் டாக்டர்களுக்கெல்லாம் அனுப்பியது.

'மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு… எங்கள் லேபில் புதிய ஆட்டோமேடிக் மெஷின் வந்துவிட்டது. அவசர பொட்டாசியம் டெஸ்ட் இனி இரண்டே மணி நேரத்தில்! ரிசல்ட் ஆபத்தான அளவில் இருந்தால் பத்து நிமிடத்தில் உங்களுக்கே போன் வரும்.'

போன் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் மட்டும் வந்தது.

சர்புதீன், வயது 61. பொட்டாசியம் 4.2. நார்மல்.

"கவலப்படாதீங்க பாய். டயாலிசிஸ் ஒரு தடவ விட்டுட்டீங்க இல்ல… அந்த அசதிதான். நாளைக்குக் கண்டிப்பா போய்ப் படுத்துடுங்க."

சர்புதீன் எழுந்து நிற்க மகள் சாஜிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"காலு ரெண்டும் கல்லு மாதிரி கனக்குது டாக்டர்… சரி, மெஷினே நார்மல்னு சொல்லிடுச்சு. நான் யாரு மறுத்துப் பேச?"

மகள் வீட்டுக்கு வந்திருந்தவர். கோட்டக்குப்பத்துக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். காரை சாஜிதாதான் ஓட்டினாள்.

கிளியனூரைத் தாண்டும்போது அவர் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதியது.

"அத்தா…?"

சாஜிதா காரை ஓரம் கட்டி அவர் தோளை உலுக்கினாள்.

"அத்தா!"

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவசரமாக ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 8.7. இதயத்தை நிறுத்திப் போடுகிற அளவு.

நிறுத்திப் போட்டது. மதியம் ஒன்று பத்துக்கு!

*

மாலை நான்கு மணி. திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் இசைவாணியின் மேஜையில் இரண்டு தாள்கள் வந்து விழுந்தன.

"இது காலையில. இது மதியம். அதுக்குள்ள நாலு எப்படி மேடம் எட்டாச்சு?"

சாஜிதாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"உக்காரும்மா. தண்ணி குடி."

"வேணாம். எனக்கு அழுகையே வரல மேடம். எவனையாவது அறையணும் போல இருக்கு."

"எவன்னு கண்டுபிடிச்சுத் தர்றேன்," என்றாள் இசைவாணி. "அறையறத கோர்ட்டு பாத்துக்கும்."

ஏட்டு சவுரிராயன் வாசலில் தலை நீட்டினார்.

"மேடம், நமக்கு வேல வைக்காம ஒரு பொண்ணே வந்து நிக்குது. கொல பண்ணிட்டேன்றா!"

நிறைமதி லேபின் திண்டிவனம் கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் எடுப்பவள் பானுப்ரியா. இருபத்து மூன்று வயது.

"நாந்தான் மேடம் பாய்க்கு ரத்தம் எடுத்தேன். பொட்டாசியத்துக்கு செவப்பு மூடி டியூப்லதான் எடுக்கணும். ஸ்டாக் இல்ல. மூணு நாளா கேட்டுக்கினே இருக்கேன்… ஓனர் சீனுவாசன் சார், 'எந்தக் கலர் இருக்குதோ அதுல புடிச்சு ஜல்தி பஸ்ல ஏத்து'ன்னாரு. ஊதா மூடி டியூப்ல எடுத்து அனுப்பிட்டேன்."

"அது தப்புன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் மேடம்… ஆனா இன்னா ஆவும்னு தெரியாது. பத்து நாள்தான் டிரெயினிங். இப்ப சார் போன் பண்ணி, 'உன்னாலதான் ரிசல்ட் தப்பாச்சு, நீதான் கொலகாரி, ஒத்துக்கினு எழுதிக் குடுத்துடு, வக்கீல நான் வெச்சுத் தர்றேன்'றாரு."

சாஜிதா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கலர் கலரா மூடி வெச்சு வெளையாடறதுக்கு எங்க அத்தாதான் கெடச்சாரா உனக்கு?"

பானுப்ரியா குனிந்து, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஏட்டு, இந்தப் பொண்ண இங்கயே உக்கார வைங்க. இன்னும் அரெஸ்ட் இல்ல." இசைவாணி தொப்பியை எடுத்தாள். "நாளைக்குக் காலைல வரைக்கும்தான் டயம். நான் வேற ஆளக் கொண்டு வரலன்னா, இவதான் உள்ள போவணும்."

*

டாக்டர் தென்னரசு, விழுந்து உடைந்த பாத்திரம் போல உட்கார்ந்திருந்தார்.

"ஈ.சி.ஜி. எடுத்தீங்களா டாக்டர்?"

"…இல்ல."

"ஏன்?"

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சு. போனும் வரல. நம்பிட்டேன்."

"ஒரு நோட்டீஸ நம்பி ஒரு மனுஷன அனுப்பிட்டீங்க! அதுக்கு நீங்க தனியா பதில் சொல்லணும். இப்ப இதக் கேளுங்க. ரத்தத்த ஊதா மூடி டியூப்ல எடுத்திருக்கா அந்தப் பொண்ணு. அதனாலதான் கொறச்சுக் காட்டிச்சாம்."

தென்னரசு சட்டென்று நிமிர்ந்தார்.

"ஊதா மூடியா? நிச்சயமாவா?"

"அவளே சொல்றா. ஓனரும் அதத்தான் சொல்றான்."

"மேடம்… கதவ சாத்துங்க."

இரண்டு நிமிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இசைவாணியின் முகத்தில் முதலில் குழப்பம்… பிறகு கோபம்… பிறகு அதையும் தாண்டிய ஒன்று!

செல்போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டாள். "ஏட்டு! காலைல ஆறு மணிக்கு ஜீப் ரெடியா இருக்கணும். மொதல்ல முண்டியம்பாக்கம். அப்பறம் விழுப்புரம்."

"முண்டியம்பாக்கத்துல இன்னா மேடம்?"

"ரத்தம் குடுக்கப் போறேன்."

*

மறுநாள் காலை பத்து மணி. நிறைமதி லேப், விழுப்புரம்.

ஏ.சி. குளிரில் சீனுவாசன் பட்டுச் சட்டையில் பளபளத்தார். மூன்று வருடம் முன்பு வரை செல்போன் கடை வைத்திருந்தவர்.

"வாங்க மேடம், காபி? பாவம் அந்தப் பொண்ணு. பேஜாரு பண்ணிட்டா. எடுக்கறப்பவே டியூப்பப் பாத்திருக்கக் கூடாது?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே! ஊதா மூடி. என் கையாலதான் வாங்கினேன்."

"அப்பறம் ஏன் டெஸ்ட் பண்ணீங்க?"

"அவசரம்னு எழுதியிருந்துச்சு மேடம். பத்தே முக்காலுக்கு புது மெஷின்ல ஓட்டினோம். நாலு புள்ளி ரெண்டுன்னு வந்துச்சு. ஊதா டியூப்னா பொட்டாசியம் கொறச்சுத்தான் காட்டும்… இந்த லைன்ல இருக்கற சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"இத அப்படியே எழுதித் தர முடியுமா? அந்தப் பொண்ண உள்ள வைக்கணும் இல்ல."

"தாராளமா!"

எழுதினார். ஊதா மூடி. பத்தே முக்கால். மெஷின். 4.2. கையெழுத்து வழவழவென்று ஓடியது.

இசைவாணி தாளை மடித்து ஏட்டிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"இது என் ரிப்போர்ட். காலைல முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ரெண்டு டியூப்ல ரத்தம் குடுத்தேன். செவப்பு மூடில பொட்டாசியம் நாலு. ஊதா மூடில எவ்ளோன்னு சொல்லுங்க பாப்போம்?"

"மூணு… மூணரை?"

"இருபதுக்கு மேல! மெஷினே அளக்க முடியாம கத்துச்சு!"

சீனுவாசனின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

"ஊதா டியூப்புக்கு அடியில ஒரு மருந்து தடவியிருக்கும். ரத்தம் உறையாம இருக்க. அது இன்னா உப்பு தெரியுமா? பொட்டாசியம் உப்பு! அந்த டியூப்ல யார் ரத்தத்த ஊத்தி ஓட்டினாலும் பொட்டாசியம் வானத்துக்கு எகிறும். அந்த ரிசல்ட் நெஜம்னா நான் செத்து பத்து நாள் ஆயிருக்கணும். நீ நாலு புள்ளி ரெண்டுன்னு அடிச்சிருக்க. ஓட்டவே இல்ல!"

"மேடம், அது… மெஷின் கோளாறு…"

"எந்த மெஷின்? ஏட்டு!"

உள்ளறையிலிருந்து சவுரிராயனின் குரல் வந்தது.

"நோட்டீஸ்ல போட்டது நெஜந்தான் மேடம். மெஷின் வந்துடுச்சு. பெட்டியத்தான் இன்னும் பிரிக்கல! தெர்மகோல் கூட அப்படியே இருக்குது!"

கூடவே ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி வந்தார். கழுவும் தொட்டியின் அடியில் இருந்ததாம். நிறைய காலி டியூப்கள். மேலாக ஓர் ஊதா மூடி. ஒட்டியிருந்த சீட்டில் பானுப்ரியாவின் கோணல் எழுத்து… 'சர்புதீன், 61. அவசரம்.'

"ரத்தம் எங்கய்யா?" என்றாள் இசைவாணி.

"…தொட்டியில ஊத்திட்டோம்."

"ஒருத்தர் ரத்தமா, எல்லார் ரத்தமுமா?"

"மேடம், நூறு பேருல தொண்ணூறு பேருக்கு நார்மலாத்தான் வரும். அதுக்காக ஒவ்வொருத்தருக்கும் மெஷின்…"

"மீதி பத்து பேரு?"

சீனுவாசன் காபி டம்ளரை மேஜையில் வைத்தார்.

"மீதி பத்து பேருடா! அவங்களுக்காகத்தான் டெஸ்டே!" மேஜையில் அறைந்த வேகத்தில் காபி தெறித்துப் பட்டுச் சட்டை நனைந்தது. "அதுல ஒருத்தரு, மெஷினே சொல்லிடுச்சுன்னு உன் பொய்ய நம்பி எழுந்து போனாரு!"

*

மதியம். திண்டிவனம் ஸ்டேஷன்.

"நீ போலாம்," என்றாள் இசைவாணி பானுப்ரியாவிடம். "தப்பு உன் மேலயும் இருக்கு. கோர்ட்டுல அதையும் சேத்துச் சொல்லு. நீதான் மொத சாட்சி."

பானுப்ரியா வாசலில் சாஜிதாவுக்கு முன்னால் நின்றாள். காலில் விழக் குனிந்தவளை சாஜிதா தடுத்தாள்.

"வேணாம். உன்ன மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. ஆனா நீ செவப்பு மூடில எடுத்திருந்தா, இவன் தப்பிச்சிருப்பான். எங்க அத்தா விதின்னு எழுதி முடிச்சிருப்பாங்க. கோர்ட்டுக்கு வா. மாத்திப் பேசாத."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

உள்ளே லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீனுவாசன் நெஞ்சைத் தடவினார்.

"மேடம்! நெஞ்சு அடைக்குது… ஆஸ்பத்திரில சேருங்க. உடனே ரத்தம் டெஸ்ட் பண்ணணும்!"

ஏட்டு சவுரிராயன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கினார்.

"ஊசி எதுக்கு சார், வலிக்கும். பேரும் வயசும் மட்டும் சொல்லுங்க… நார்மல்னு நானே டைப் அடிச்சுத் தர்றேன்!"