உருளைக்கிழங்கு முத்திரை

கோபிலா அரிசி டப்பாவின் மேல் ஏறி நின்றாள். அப்போதுதான் சமையலறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மாடிப்படியில் நிற்கும் அக்காவின் முகம் தெரிந்தது.

"அடுத்த ஆள் வாங்க," என்றாள் மிடுக்காக. "எதுக்கு அமெரிக்கா போறீங்க?"

அக்கா சம்ஜனா கையைக் கட்டிக்கொண்டு, விசா பயிற்சி வகுப்பில் எழுதிக்கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். உலகத்தரமான கல்வி, ஒளிமயமான எதிர்காலம், இன்னும் என்னென்னவோ. கோபிலாவுக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. முத்திரையாக வெட்டிய பாதி உருளைக்கிழங்கை நீல மையில் தொட்டு, அக்கா நீட்டிய தாளில் அழுத்தினாள். பெரிய பெருக்கல் குறி விழுந்தது.

"இன்னைக்கு இது ஏழாவது தடவை, அதிகாரியம்மா. கொஞ்சம் இரக்கம் காட்டுங்க," என்று அக்கா கும்பிட்டாள்.

விளையாட்டுதான். ஆனாலும் கோபிலா முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நிஜமாகவே இப்படி நடந்தது. விசா உண்டு என்றால் பாஸ்போர்ட்டைத் தூதரகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அக்கா பாஸ்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா அவளுக்குப் பிடித்த மோமோ கொழுக்கட்டை செய்தும்கூட வரவில்லை. நாளைக்கு மறுபடியும் நேர்காணல். இந்தத் தடவையும் இல்லை என்றால் அமெரிக்கக் கல்லூரியில் கிடைத்த இடம் போய்விடும்.

இதில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. போன தடவை, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு லட்டு வைத்து, அக்காவுக்கு விசா கிடைக்கவே கூடாது என்று கோபிலா வேண்டிக்கொண்டிருந்தாள். பின்னே? அக்கா போய்விட்டால் காலையில் ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட யார் இருக்கிறார்கள்? அம்மா பின்னினால் தலைவலிதான் மிச்சம்.

மாலையில் இருவரும் பட்டாணி உரித்தார்கள். கோபிலாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, உன் விசாவைக் கெடுத்தது நான்தான்," என்று ஆரம்பித்து, லட்டு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அக்கா திட்டவில்லை. "போடி லூசு, பிள்ளையாருக்கு வேற வேலை இல்லையா? திரும்பி வருவியான்னு கேட்டாங்க. அப்போ உன் ஞாபகம் வந்துடுச்சு. மனப்பாடம் பண்ணினது பாதியிலயே நின்னுபோச்சு. அவ்வளவுதான்."

கோபிலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை மறைக்க, அக்கா படிக்கப்போகும் படிப்பைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "மலை ஏன் சரியுது?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. தட்டில் பட்டாணித் தோலைக் குவித்து மலை கட்டினாள். மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே வடிகால் வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டினாள். அம்மா பிறந்த ஊருக்குப் போகும் பாதை மழைக்கு மழை சரிகிறது. போன வருஷம் மாமா பதினோரு நாள் வழியில் மாட்டிக்கொண்டார். மண்சரிவைத் தடுக்கும் வழியைப் படித்துவிட்டு வந்து, முதலில் அந்தப் பாதையைத்தான் சரிசெய்யப் போகிறாளாம்.

கோபிலா எழுந்து ஓடினாள். மிச்சமிருந்த பாதிக் கிழங்கில் 'டிக்' குறி வெட்டிக்கொண்டு வந்து, அக்காவின் புறங்கையில் ஓங்கி அழுத்தினாள்.

"இதையே போய் தூதரக ஜன்னல்ல சொல்லு. வகுப்புல சொல்லிக்கொடுத்ததைக் கேட்டா தூக்கம்தான் வருது."

மறுநாள் காலை நல்ல சகுனத்துக்காக வாசலின் இரண்டு பக்கமும் பூப்போட்ட நிறைகுடம் வைத்தார்கள். அம்மா வழக்கப்படி அக்காவுக்குத் தயிரும் அவித்த முட்டையும் ஊட்டி, நெற்றியில் பெரிய சிவப்புத் திலகம் அப்பினாள். புறங்கையில் இருந்த நீல மை மட்டும் எத்தனை தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

பள்ளியில் கோபிலாவுக்கு ஒரு கணக்கும் மண்டையில் ஏறவில்லை. நான்கு மணிக்கு வெளியே வந்தால், கேட் அருகே அக்கா நின்றாள். கோபிலா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். இரண்டு கையும் காலி.

"பாஸ்போர்ட் எங்க?"

"அவங்களே வெச்சுக்கிட்டாங்க."

கோபிலா குதித்தாள். குதித்துக்கொண்டே இருந்தவளுக்குப் பாதியில் அழுகை வந்துவிட்டது. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்பி வருவியான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. மலையைப் பத்திச் சொன்னேன். கையில என்னன்னும் கேட்டாங்க. எங்க வீட்டு அதிகாரி போட்ட முத்திரை, அவளுக்கு இன்னும் சடை பின்னத் தெரியாது, அதுக்காகவாவது வந்துதான் ஆகணும்னு சொன்னேன். அந்த விசா அதிகாரியம்மா சிரிச்சுட்டாங்க."

அடுத்த நாள் காலை கோபிலா தானே சடை பின்னிக்கொண்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு ரிப்பன் காதில் தொங்கியது. சரிசெய்ய நீண்ட அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இப்படியே இருக்கட்டும். நான் நேரா பின்னக் கத்துக்கறதுக்குள்ள நீ வந்துடணும்," என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.