அவர் இன்னும் படிக்கிறார்

மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார் அந்த அக்கா. ஒரு கையில் கணவரின் பழைய லேப்டாப், இன்னொரு கையில் ஐந்து வயது மகள். என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாடும் பாட்டைத்தான் அவரும் பாடினார்.

"தம்பி, அவரோட மெயில் எல்லாம் இதுலதான் இருக்கு. புது மெஷின்ல திறக்கவே மாட்டேங்குது."

"எப்படிக்கா திறக்கும்? இது பழைய வகை ஃபைல், புது வகைக்கு மாத்தணும். உட்காருங்க."

பாப்பா வாசல் பக்கத்து நாற்காலியில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மூல ஃபைலை நான் தொடவே மாட்டேன். நகல் எடுத்து, அதைத்தான் மாற்றுவேன். தொழிலில் பட்டுத் தெரிந்துகொண்டது.

மாற்றி முடித்து என் கம்ப்யூட்டரில் திறந்தேன். கடைசியில் ஒரு நீண்ட வரிசை மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது, யாரும் படிக்காத மெயில்கள். எல்லாம் அக்கா எழுதியவை.

"அவர் நெஞ்சுச் சளியில போன பிறகு எழுதினது. வேற யார்கிட்ட தம்பி பேசுவேன்?"

அப்போது முதல் மெயிலின் எழுத்து மெலிந்தது.

படித்தால்தான் அப்படி ஆகும். நான் மௌஸைத் தொடவில்லை.

அடுத்ததும் மெலிந்தது. சனியன் பிடித்த செட்டிங் என்று திட்டிக்கொண்டே இணைய வயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. சின்ன மெயில்கள் சட்டென்று மெலிந்தன. நீளமானவற்றுக்கு நேரம் எடுத்தது.

யாரோ நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

தைல வாசனை வந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு வறட்டு இருமல்.

"அவர்தான்," என்று கிசுகிசுத்தார் அக்கா. ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே வெளிறிப்போனது. "ஐயோ, கடைசி மெயில்! அதை அழிச்சிடுங்க தம்பி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

"என்ன எழுதினீங்க?"

"தாங்க முடியல, எங்க ரெண்டு பேரையும் வந்து கூட்டிட்டுப் போயிடுங்கன்னு... அன்னைக்கு இருந்த வேதனையில எழுதிட்டேன். இப்ப நாங்க வாழணும் தம்பி. என் பொண்ணு வாழணும்!"

வரிசையில் கொஞ்சம்தான் பாக்கி. அவசரத்தில் மௌஸ் வழுக்கியது. ஒவ்வொன்றாக மெலிந்துகொண்டே வந்தது. கடைசிக்கு முந்தையது மெலிவதற்குள் கடைசி மெயிலை அழித்துவிட்டேன். அழித்தவை போய் விழும் குப்பைக் கூடையையும் காலி செய்தேன்.

இருமல் நின்றது. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழாத குறைதான்.

அப்போது மேஜை ஓரத்தில் பழைய லேப்டாப் தானாக வெளிச்சம் போட்டது.

மூல ஃபைல் அதில்தான் இருந்தது. கடைசி மெயிலும் அப்படியே இருந்தது.

மெலிந்த எழுத்தில்.

பக்கத்தில், பதில் அனுப்பியாகிவிட்டது என்று காட்டும் வளைந்த அம்பு.

பதில் மெயில் வந்து அக்காவின் போன் சிணுங்கியது. அவரால் வாசிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"கீழே நிக்கிறேன். பாப்பாவை முதல்ல அனுப்பு."

நாற்காலி காலியாக இருந்தது.

படியில் சின்னச் செருப்பின் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. "பாப்பா!" என்று அலறிக்கொண்டு இருவரும் ஓடினோம்.

செருப்புச் சத்தம் நின்றது.

கீழேயிருந்து ஒரு வறட்டு இருமல் கேட்டது.