பதினொரு நிமிடச் சாட்சி

காலை எட்டு மணிக்குத் தமிழ்நாடு அசையாமல் நின்றது. பேருந்துகள் நின்றன, கல்லில் தோசை கருகியது. ஒவ்வொருவர் கண்ணிலும் பிறந்ததுமே பதிக்கப்படும், கண் காண்பதையெல்லாம் பதிவுசெய்யும் விழிப்பதிவியில் 'இந்நாளில் நம் மாநிலம்' ஓடத் தொடங்கியது. நவம்பர் 17: முதல் கடல்நகரம் திறந்த நாள். கடைசி ஆறும் குழாய்க்குள் போன நாள். பிறகு, 2131இல் அலையூர்க் கழிமுகத்தில் படகு கவிழ்ந்து அறுபத்து மூன்று பேர் இறந்த நாள்.

நாள்வரலாற்றுத் துறையில் தொகுப்பாளராக இருந்த சகாயராணி மட்டும் அதை ஓடவிடவில்லை. அந்தப் படகில்தான் அவள் தங்கை புளோரா போனாள். கரையில் நின்ற பதினான்கு வயது ராணி தண்ணீரில் பாய்ந்ததும், அலை அவளைத் திருப்பி வீசியதும் அவளுக்கு நேற்றுப்போல் நினைவிருந்தது.

மாநிலம் ஆண்டுதோறும் பார்த்தது ஒரே ஒரு சாட்சியின் பதிவை. கண் சிமிட்டினால் காட்சி அறுபடும். அந்தச் சாட்சியோ பதினொரு நிமிடம் சிமிட்டவே இல்லை. முகங்களை மறைத்து, ஒலியை நீக்கித்தான் ஒளிபரப்பினார்கள். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் மூலப்பதிவின் முத்திரை இன்றுதான் உடைகிறது.

"நீங்க பாக்க வேணாம் மேடம். நான் பாத்துச் சொல்றேன்," என்றார் உடன் வேலை செய்யும் இத்ரீஸ்.

"அவ்வளவு பக்கத்துல நின்னுக்கிட்டு கையை நீட்டாம இருந்தது யாருன்னு தெரியணும் இத்ரீஸ். அந்த மூஞ்சியைப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்."

பதிவு திறந்தது. சாம்பல் நிறத் தண்ணீர். கரையில் நானூறு பேர், விழி விரித்தபடி. கூச்சலெல்லாம் நீருக்குள்ளிருந்தே வந்தது. கரையில் ஒரு முனகல்கூட இல்லை. நீரில் தத்தளித்தபடி படித்துறைத் தூணைப் பற்றியிருந்த சிறுமி நேராகக் காட்சிக்குள் பார்த்தாள். மூன்று முழத் தொலைவு.

"ராணிக்கா! கையைக் குடுக்கா!"

காட்சியின் கீழ்விளிம்பில் சாட்சியின் பாதங்கள் தெரிந்தன. அவை ஈரமாகவே இல்லை.

சகாயராணி நாற்காலியிலிருந்து சரிந்தாள். "நான் குதிச்சேனே... இத்ரீஸ், நான் குதிச்சேன்ல?"

இத்ரீஸ் வாசலிலேயே நின்றார். அவர் கண்களில் நீர் கோத்திருந்தது. ஆனாலும் இமைகள் இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் 17இன் பட்டியலில் ஒரு நிகழ்வு கூடியிருந்தது: '2158: அலையூர்ச் சாட்சி தன்னைத் தானே அடையாளம் கண்ட நாள்.' தெளிவான பதிவு என்று மாநிலமே மெச்சியது. ஓரிடத்தில்கூட அறுபடவில்லையாம்.