உப்பு நீரில் ஒரு கண்

மாட்டின் கண்மணி இப்படி வட்டமாக இருக்காதே.

நெலிதா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இடுக்கியால் பிடித்திருந்த கண்ணைச் சத்தமில்லாமல் கிண்ணத்து உப்பு நீரில் விட்டாள். பெட்டியில் மிச்சமிருந்தவை எப்போதும் வருகிற கண்கள்தாம்: பெரிது பெரிதாக, கரும்பழுப்பாக, நடுவில் படுக்கைவாட்டில் ஒரு கருங்கீற்றோடு. இது மட்டும் சிறியது. தேன் நிறம்.

ஷாம்புவில் சேர்க்கும் புது ரசாயனம் கண்ணை எரிக்குமா என்று பார்க்க முன்பு முயல்களின் கண்ணில் சொட்டு விடுவார்கள். இப்போது, பரானா நதிக்கரை இறைச்சிக்கூடத்தில் அன்றன்று வெட்டிய மாடுகளின் கண்கள். கொண்டுவருகிறவன் ருஃபினோ. "உன் முயலுங்க உசிரோட இருக்குதுன்னா அது என் புண்ணியம்தான் டாக்டரம்மா. அதுக்கொரு மாத்தே டீ ஊத்திக் குடுக்கக் கூடாதா?" என்று தினமும் வம்பிழுப்பான். அவள் டாக்டர் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

இன்று பெட்டி மட்டும் ஆய்வுக்கூட வாசலில் நனைந்துகொண்டிருந்தது. அவன் வேன் மழையில் நின்றிருந்தது, உள்ளே ஆளில்லாமல். ஈரமும் மாட்டு ரத்தமும் கலந்த வாடையோடு, அதன் வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கும் சத்தம் ஜன்னல் வழியே இன்னும் வந்துகொண்டிருந்தது.

போன மாதம் ருஃபினோவின் கண்ணில் ஏதோ தெறித்தபோது அவள்தான் குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டாள். தேன் நிற விழியின் கீழோரத்தில், கடுகளவு கருப்பு மச்சம்.

கிண்ணத்துக்குள் குனிந்தாள்.

கீழோரத்தில். கடுகளவு.

"தண்ணிக்குள்ள என்ன ஜோசியம் பாக்கறே?" டாக்டர் ஒவீதியோ சொட்டுக்குழாயோடு பின்னால் வந்து நின்றார். "நேரமானா எல்லாக் கண்ணும் வெளுத்துடும்."

"இது மாட்டுக் கண்ணு இல்ல டாக்டர்."

"பன்னியா இருக்கும். அதுக்கு வட்டம்தானே."

"அங்க பன்னி வெட்டறதில்ல."

"அப்ப இன்னும் நல்லது. ஒரு சொட்டு விட்டுத்தான் பாரேன், எப்படிக் கலங்குதுன்னு."

சொட்டுக்குழாயை அவள் கையில் திணித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

விளக்கைப் போட்டாள். கண்மணி சுருங்கியது.

அணைத்தாள். விரிந்தது.

செத்த கண் அது. காலையிலிருந்து இது மாதிரி எத்தனையோ கண்களை அவள் தொட்டாயிற்று. ஒன்றும் சுருங்கவில்லை.

ருஃபினோ. உதடு மட்டும் அசைந்தது.

வெளியே வைப்பர் நின்றது.

நீர் அசையவில்லை. கண் அசைந்தது. மெல்ல, தேடுவதுபோல், சுற்றி வந்து அவள் முகத்தில் நின்றது. பிறகு கையிலிருந்த சொட்டுக்குழாயில்.

"விடு நெலிதா. ஒரே சொட்டு."

அவள் சொட்டுக்குழாயை மேசையில் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். வெறும் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினாள். உப்பு நீர் விளிம்பு தாண்டி அவள் விரல்களுக்கிடையே வழிந்தது. நீர் வெதுவெதுப்பாக இருந்தது.

"மாட்டேன் டாக்டர்," என்றாள்.

இமையே இல்லாத அந்தக் கண், அவள் உள்ளங்கைக்கு அடியில், மெதுவாக இமைத்தது.